தொழில்வாண்மைச் சங்கங்களின் குரல்: மருத்துவச் சஞ்சிகைகளை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1

சங்கமொன்று பேசும்பொழுது அங்கே பேசுவது யார் என்னும் வினா மேலோட்டமாக நோக்குவோர்க்கு எளியதொன்றாகத் தோன்றலாம். தலைவர் ஒப்பமிட்டிருந்தால் தலைவர், செயற்குழு தீர்மானித்திருந்தால் செயற்குழு, சஞ்சிகையில் வெளிவந்திருந்தால் அதன் ஆசிரியர் என்று விடை கூறிவிடலாம். ஆயின், பிணக்கு எதுவும் எழாத காலத்தில் மட்டுமே இவ்விடை நிலைக்கும். சங்கத்தின் பணத்திலே நடைபெறும் ஏடு சங்கத்திற்கு உவப்பில்லாத செய்தியொன்றை வெளியிடும்பொழுதுதான் அவ்வேடு உண்மையிலே யாருடையது என்பது வெளிப்படுகின்றது.

தொழில்வாண்மைச் சங்கம் என்பது இயல்பிலேயே இருமுகம் கொண்ட ஒரு நிறுவனம். ஒருபுறம் அது தன் உறுப்பினரின் ஊதியத்தையும் மதிப்பையும் உரிமைகளையும் காப்பதற்காகக் கூடிய கூட்டம். மறுபுறம் அது ஒரு துறையின் அறிவுக்கும் ஒழுக்கத்திற்கும் தானே காவல் என்று பொதுமக்கள் முன் உரிமை கோருவது. மருத்துவர், பொறியியலாளர், சட்டத்தரணி, கணக்காளர் ஆகிய எத்தொழிலாரின் சங்கத்தை எடுத்துக்கொண்டாலும் இவ்விரட்டைத் தன்மையைக் காணலாம். தொழிலாளர் சங்கம் தன் வர்க்க நலனை மறைப்பதில்லை. மறைக்க வேண்டிய தேவையும் அதற்கில்லை. தொழில்வாண்மைச் சங்கமோ தன் நலனைப் பொதுநலனாகவே எடுத்துரைக்கும் பழக்கமுடையது. இவ்விரு நலன்களும் ஒன்றாயிருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு; அவை பிரியும் சந்தர்ப்பங்களும் உண்டு. பிரியும் சந்தர்ப்பங்களிலே சங்கத்தின் எழுத்து என்ன செய்கின்றது என்பதே விமர்சன நோக்கிலே கவனிக்கத்தக்கது.

இன்று இச்சங்கங்களின் எழுத்து அச்சேட்டில் மட்டும் அடங்குவதன்று. இணையத்தளங்களிலே தலைவரின் குறிப்பு, செயற்குழுவின் அறிக்கை, உறுப்பினரின் வலைப்பதிவு, ஒலிப்பதிவு செய்யப்பட்ட உரையாடல் எனப் பலவகையாக அது நாள்தோறும் வெளிவருகின்றது. இவை இலக்கியமல்ல என்று திறனாய்வாளர் ஒதுக்கிவிடுகின்றனர். அறிவியலுமல்ல என்று ஆய்வாளரும் ஒதுக்கிவிடுகின்றனர். ஆயினும் ஒரு நாட்டின் சுகாதாரம் பற்றியோ சட்டம் பற்றியோ மக்கள் கொள்ளும் கருத்தை உருவாக்குவதிலே இவ்வெழுத்திற்குரிய பங்கு சிறியதன்று. இத்தகைய எழுத்தை நிருவகிக்கும் முறையை ஆராய்வதற்கு மருத்துவச் சங்கங்களின் வரலாறு மிகப் பொருத்தமான களமாகும். ஏனெனில், சங்கத்திற்கும் அதன் ஏட்டிற்கும் இடையிலான முரண்பாடு வேறெத் தொழிலிலும் இத்துணை வெளிப்படையாகப் பதிவாகவில்லை எனலாம்.

2

கழகங்களின் வெளியீட்டு வரலாற்றை 1665 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது மரபு. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே இலண்டன் றோயல் கழகத்தின் செயலாளர்களுள் ஒருவரான ஹென்றி ஓல்டன்பேர்க், 'பிலோசொபிக்கல் ற்றான்சாக்‌ஷன்ஸ்' என்னும் ஏட்டை வெளியிடத் தொடங்கினார். அவ்வேடு கழகத்தின் பெயரோடு இணைத்து நோக்கப்பட்டபோதும் ஓல்டன்பேர்க்கின் சொந்த முயற்சியாகவே நடைபெற்றது. அதன் வருவாயையும் அவரே எதிர்பார்த்திருந்தார். 1752 ஆம் ஆண்டிலேதான் கழகம் அதனை முறைப்படி பொறுப்பேற்றது. பொறுப்பேற்றவிடத்து அது செய்த அறிவிப்பு மனங்கொள்ளத்தக்கது. கட்டுரைகளை அவற்றின் முக்கியத்துவம் நோக்கியே குழுவொன்று தெரிந்தெடுக்கும். அவற்றிலுள்ள செய்திகளின் உண்மைக்குக் கழகம் பொறுப்பாகாது. எப்பொருள் பற்றியும் கழகம் ஒரு முழுமையாகத் தன் கருத்தைக் கூறுவதில்லை என்பதே அதன் சாரம்.

'கட்டுரைகளில் வரும் கருத்துகள் கட்டுரையாளருடையவை' என்று இன்று எல்லா ஏடுகளின் அடியிலும் காணப்படும் வழக்கமான வாசகத்தின் மூதாதை இவ்வறிவிப்பேயாகும். ஆனால் இரண்டிற்கும் வேறுபாடுண்டு. 1752 இன் கழகம், தான் கருத்துக் கூறாதிருப்பதன் மூலம் பிறர் கருத்துக் கூறுவதற்கு இடமளித்தது. இன்றைய சங்கங்களோ தாமும் கருத்துக் கூறிக்கொண்டு, பிறர் கூறும் கருத்துக்குப் பொறுப்பில்லை என்றும் கூறுகின்றன. முன்னது ஒரு கொள்கை. பின்னது பெரும்பாலும் ஒரு காப்புறுதி.

சங்கத்தைச் சாராத ஏட்டின் தோற்றத்தையும் இவ்விடத்திலே ஒப்புநோக்குதல் பயனுடையது. 1823 இல் தோமஸ் வேக்லி இலண்டனிலே 'லான்செற்' என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். சத்திரசிகிச்சையாளரின் உயர்பீடங்களிலே உறவினர்க்கும் வேண்டியவர்க்கும் பதவிகள் வழங்கப்பட்டதை அவ்வேடு இடைவிடாது தாக்கியது. சிறுநீர்ப்பைக் கல் அகற்றும் சிகிச்சையொன்றிலே நோயாளி இறந்தமை பற்றி 1828 இல் அது வெளியிட்ட அறிக்கை, சிகிச்சை செய்த பிரான்ஸ்பி கூப்பர் புகழ்பெற்ற அஸ்ற்லி கூப்பரின் சகோதரர் மகனாதலினாலேயே பதவி பெற்றார் என்று குற்றஞ்சாட்டியது. அவதூறு வழக்கிலே வேக்லி தோற்றார். எனினும் நட்டஈடாக விதிக்கப்பட்டது நூறு பவுண் மட்டுமே. சங்கம் எதனையும் சாராதிருந்தமையே அவரது வலிமை. அதற்கு அவர் கொடுத்த விலை வழக்குகளும் பகைமையும்.

1832 இல் சாள்ஸ் ஹேஸ்ற்றிங்ஸ் வூஸ்ரர் நகரிலே மாகாண மருத்துவர்களைக் கூட்டி அமைத்த சங்கமே பின்னர் பிரித்தானிய மருத்துவச் சங்கமாயிற்று. தலைநகரின் உயர்குழாத்தினரால் ஒதுக்கப்பட்டிருந்த மாகாண மருத்துவரின் குரலாக அது எழுந்தது. 1840 இல் தோன்றிய அதன் ஏடு 1857 இலிருந்து 'பிரிற்றிஷ் மெடிக்கல் ஜேர்னல்' என்னும் பெயரைப் பெற்றது. ஏர்னெஸ்ற் ஹாட் 1867 இல் ஆசிரியரான பின்னர், கூலிக்குக் குழந்தைகளை வளர்ப்பதாகப் பொறுப்பேற்று அவற்றைச் சாகவிடும் வழக்கம் பற்றி அவ்வேடு தானே விசாரணை நடத்தி வெளியிட்டது. 1872 இல் குழந்தை உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதிலே அதற்குப் பங்குண்டு. சங்கத்தின் ஏடு பொதுநலனின் பக்கம் நிற்க முடியும் என்பதற்கு இது தக்க சான்று.

அதே காலப்பகுதியிலே அதே சங்கம் வேறொன்றையும் செய்தது. 1873 இல் எலிசபெத் கரெற் அன்டர்சன் என்னும் பெண் மருத்துவர் அதன் உறுப்பினரானார். 1878 இல் சங்கம் பெண்களை அனுமதிப்பதில்லை எனத் தீர்மானித்தது. 1892 வரை அவ்வம்மையார் ஒருவரே அங்கு பெண் உறுப்பினராக இருந்தார். ஏழைக் குழந்தையின் உயிருக்காகப் பேசிய சங்கம், தன் வாயிலில் நின்ற பெண்ணுக்குக் கதவடைத்தது. இதிலே முரண்பாடு ஏதுமில்லை. முதலாவது விடயத்திலே உறுப்பினரின் நலன் பாதிக்கப்படவில்லை. இரண்டாவதிலே பாதிக்கப்படும் என்று அவர்கள் கருதினர். தொழில்வாண்மைச் சங்கத்தின் தாராள மனப்பான்மைக்கு எல்லை எங்கே அமைகின்றது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து அறியலாம்.

3

சங்கத்தின் ஏட்டாசிரியர் அச்சங்கத்தின் ஊழியரா, அன்றி வாசகரின் பிரதிநிதியா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே கூர்மையடைந்தது. குறிப்பாக 1999 ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு திருப்புமுனை எனலாம்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847 இல் நிறுவப்பட்டது. அதன் சஞ்சிகை 1883 இல் தொடங்கியது. ஜோர்ஜ் லண்ட்பேர்க் 1982 முதல் அதன் ஆசிரியராக இருந்தார். 1999 ஜனவரியிலே அமெரிக்க மூதவை ஜனாதிபதி கிளின்ரன் மீதான குற்ற விசாரணையை நடத்திக்கொண்டிருந்தது. எத்தகைய செயலைப் பாலுறவு என்று கூறுவது என்பதும் அவ்விவகாரத்தின் வாதங்களுள் ஒன்று. அம்மாதத்திலேயே லண்ட்பேர்க், பல்கலைக்கழக மாணவர் 599 பேர் இதே வினாவுக்கு 1991 இல் அளித்த விடைகளைத் தொகுத்த ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட ஏற்பாடு செய்தார். சங்கத்தின் நிருவாகத் தலைவர் அவரை உடனடியாகப் பதவி நீக்கினார். சஞ்சிகையை அரசியல் விவாதமொன்றினுள் புகுத்தினார் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். கட்டுரையின் அறிவியற் குறை எதுவும் காரணமாகக் கூறப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பதினேழு ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர் வெளியேற்றப்பட்டு, அதே ஆண்டிலேயே இணையத்தில் இயங்கிய மருத்துவ வெளியீடொன்றின் ஆசிரியரானார். அச்சேட்டின் கதவு மூடியபொழுது இணையத்தின் கதவு திறந்தது என்று இதனை மகிழ்ந்து கூறிவிடலாம். ஆயின், அக்கதவிற்கும் உரிமையாளர் உண்டு என்பதை மறத்தலாகாது.

அதே ஆண்டு ஜூலையிலே மசச்சூசெற்ஸ் மருத்துவச் சங்கம், தனக்குச் சொந்தமான 'நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒப் மெடிசின்' சஞ்சிகையின் ஆசிரியர் ஜெறோம் கசிரரின் பதவியை முடிவுக்குக் கொண்டுவந்தது. இங்கு பிணக்குக் கட்டுரை பற்றியதன்று. சஞ்சிகையின் பெயரை வேறு வணிக வெளியீடுகளுக்கும் பயன்படுத்துவது பற்றியது. முன்னதிலே அரசியல் அச்சம் தொழிற்பட்டதெனின், பின்னதிலே வணிக ஆசை தொழிற்பட்டது. நூற்றாண்டுக்கு மேலாக ஆசிரியர்கள் ஈட்டிய நம்பிக்கை, சங்கத்தின் கணக்கேட்டிலே ஒரு விற்பனைச் சின்னமாக மாறியமையை இந்நிகழ்ச்சி காட்டியது.

கனடிய மருத்துவச் சங்கத்தின் வரலாறு இவற்றினும் விரிவான ஆய்வுக்குரியது. ஏனெனில் அங்கே இணையமும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2005 இல் அவசர கருத்தடை மாத்திரை கனடாவில் மருத்துவரின் சீட்டின்றி மருந்தகங்களிலே கிடைக்கத் தொடங்கியது. அதனை வாங்கச் சென்ற பெண்களிடம் மருந்தாளர் அந்தரங்கமான வினாக்களைக் கேட்டனர் என்பதைச் சங்கத்தின் சஞ்சிகை புலனாய்ந்து எழுதியது. மருந்தாளர் சங்கம் வெளியீட்டுக்கு முன்னரே முறையிட்டது. மருத்துவச் சங்கம் தலையிட்டது. கட்டுரை மாற்றப்பட்டே வெளிவந்தது. ஒரு தொழிலாரின் சங்கம் இன்னொரு தொழிலாரின் சங்கத்தோடு கொண்டிருந்த நல்லுறவு, மருந்தகத்தின் முன் நின்ற பெண்ணின் அனுபவத்தை விடப் பெரிதாயிற்று.

அடுத்து, 2006 பெப்ரவரியிலே புதிய சுகாதார அமைச்சர் ரொனி கிளெமென்ற் பற்றிய செய்தியொன்று சஞ்சிகையின் இணையத்தளத்திலே வெளியிடப்பட்டது. தனியார் மருத்துவத்திற்கு இடமளிக்கும் இருதட்டு முறையோடு அவரைத் தொடர்புபடுத்திய தலைப்பு அதற்கு இருந்தது. அச்செய்தி தளத்திலிருந்து அகற்றப்பட்டுத் திருத்திய வடிவத்திலே மீண்டும் இடப்பட்டது. அம்மாதமே ஆசிரியர் ஜோன் ஹோயியும் மூத்த துணை ஆசிரியர் ஆன் மரி ரொட்கில்லும் நீக்கப்பட்டனர். ஆசிரியர் குழுவினருட் பெரும்பாலோர் விலகினர். ஹோயியின் வேண்டுகோளின்படி இப்பிணக்கை ஆராய்ந்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர், 1999 இல் தாமே பதவியிழந்த கசிரர் என்பது குறிப்பிடத்தக்கது. விலகியோர் சிலர் 2007 இல் எச்சங்கத்தையும் சாராத 'ஓப்பின் மெடிசின்' என்னும் இணையச் சஞ்சிகையைத் தொடங்கினர். கட்டணமின்றி யாவரும் வாசிக்கக்கூடியதாயிருந்த அது 2014 இல் நின்றுபோயிற்று.

இந்நிகழ்ச்சியிலிருந்து இருவகைப் பாடங்களைப் பெறலாம். சங்கத்தினுள்ளே சுதந்திரம் நிலையற்றது. சங்கத்திற்கு வெளியே சீவனம் நிலையற்றது. 'சுதந்திரமான ஏடு' என்று முழங்குவோர் இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். 'பொறுப்பான ஏடு' என்று முழங்குவோர் முதலாவதை மறைத்துவிடுகின்றனர்.

4

அச்சேட்டிலே ஒரு செய்தியை வெளியிட்ட பின்னர் அதனை மீட்டல் இயலாது. நூலகத்தின் தட்டிலே அது கிடந்தே தீரும். திருத்தம் வேண்டுமாயின் அடுத்த இதழிலே திருத்தம் என்று கூறியே வெளியிட வேண்டும். தவறும் திருத்தமும் ஆகிய இரண்டும் எஞ்சும். இணையத்திலோ ஒரு பக்கத்தை நீக்குவதும் மாற்றுவதும் கணப்பொழுதிற் செய்யத்தக்கவை. வாசகன் மீண்டும் வரும்போது முன்னர் வாசித்தது அங்கில்லை. இல்லை என்பதற்கான அடையாளமும் பல வேளைகளில் இல்லை. ஆகவே சங்கத்தின் எழுத்தை நிருவகித்தல் என்பது எதனை வெளியிடுவது என்பதோடு நின்றுவிடாமல், எதனை மறையச் செய்வது என்பதையும் உள்ளடக்கியதாகிவிட்டது.

இதிலே வியப்பிற்குரிய ஓர் உண்மை உண்டு. ஆய்வுக் கட்டுரைகளைப் பொறுத்தவரை இதே மருத்துவச் சஞ்சிகைகள் மிகக் கண்டிப்பான ஒழுங்கொன்றைப் பின்பற்றுகின்றன. சின்னமுத்துத் தடுப்பூசியையும் குழந்தைகளின் ஓட்டிசக் குறைபாட்டையும் தொடர்புபடுத்தி அன்ட்ரூ வேக்பீல்டும் பிறரும் எழுதிய கட்டுரையை 'லான்செற்' 1998 இல் வெளியிட்டு 2010 இல் மீளப் பெற்றது. மீளப் பெற்ற பின்னரும் அக்கட்டுரை அழிக்கப்படவில்லை. மீளப் பெறப்பட்டது என்னும் குறியுடன் இன்றும் அதனை வாசிக்கலாம். எது தவறு, எப்போது தவறெனக் காணப்பட்டது, யார் அவ்வாறு முடிவு செய்தனர் ஆகிய மூன்றையும் பின்வருவோர் அறிந்துகொள்ளலாம். அவ்வாய்விலே நடைபெற்ற மோசடியை 2011 இல் விரிவாக வெளியிட்டது பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையே என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடுதல் வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைக்கு உள்ள இவ்வொழுங்கு செய்திக்கும் கருத்துரைக்கும் ஏன் இல்லை? ஆய்விலே பிழை நேர்ந்தால் அது அறிவின் பிழை. அதனை ஒப்புக்கொள்வது அறிவுக்குப் பெருமை. கருத்துரையிலே பிழை நேர்ந்தால் அது சங்கத்தின் பிழை. அதனை ஒப்புக்கொள்வது சங்கத்திற்கு இழுக்கு. இவ்வாறே நிருவாகிகள் கருதுகின்றனர் போலும். ஒரே தளத்தினுள் இருவகை நேர்மைகள் நிலவுகின்றமையே இத்துறையின் அடிப்படைக் குறைபாடாகும்.

2021 ஆம் ஆண்டு நிகழ்ச்சி இக்குறைபாட்டைச் சிக்கலான வடிவிலே வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டு பெப்ரவரியிலே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை, மருத்துவத்திலே அமைப்புரீதியான இனவாதம் பற்றிய ஒலிப்பதிவு உரையாடலொன்றை வெளியிட்டது. துணை ஆசிரியர் ஒருவர் நடத்திய அவ்வுரையாடலும் அதனை விளம்பரப்படுத்திய சிறு குறிப்பும், மருத்துவர் எவரும் இனவாதியல்லர் என்றும், ஆகவே மருத்துவத்திலே இனவாதம் எவ்வாறு இருத்தல் கூடும் என்றும் வினவும் தொனியில் அமைந்திருந்தன. கடுங்கண்டனம் எழுந்தது. ஒலிப்பதிவு நீக்கப்பட்டு அவ்விடத்திலே பிரதம ஆசிரியர் ஹவார்ட் பௌக்னரின் மன்னிப்புரை வைக்கப்பட்டது. துணை ஆசிரியர் விலகினார்; அவ்வாண்டு ஜூன் இறுதியிலே பௌக்னரும் விலகினார்.

இந்நிகழ்ச்சியை 1999 இன் நிகழ்ச்சியோடு ஒன்றாக வைத்து, மீண்டும் ஓர் ஆசிரியரின் சுதந்திரம் பறிக்கப்பட்டது என்று கூறுதல் மேம்போக்கான நோக்காகும். 1999 இல் நீக்கத்திற்குக் காரணமானது ஒழுங்காக ஆராய்ந்து ஏற்கப்பட்ட கட்டுரை. 2021 இல் வெளிவந்தது போதிய ஆய்வறிவின்றியும், பாதிக்கப்பட்டோரின் குரலின்றியும் தயாரிக்கப்பட்ட ஓர் உரையாடல். மேலும் அச்சங்கத்திற்கு இவ்விடயத்திலே வரலாற்றுச் சுமை உண்டு. கறுப்பின மருத்துவர் பலர் அதன் கிளைகளிலே நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் 1895 இல் தமக்கெனத் தனியே தேசிய மருத்துவச் சங்கத்தை அமைத்தமைக்கு அவ்வொதுக்கலே காரணம். 2008 இலேதான் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதற்காக மன்னிப்புக் கோரியது. இச்சுமையை உணர்ந்த எவரும் அவ்வுரையாடலை அவ்வடிவில் வெளியிட்டிருத்தல் இயலாது. ஆகவே கண்டனம் நியாயமானது; ஆசிரியரின் பொறுப்பும் மறுக்க முடியாதது.

ஆனால் ஒலிப்பதிவை நீக்கியமை பற்றி வேறொரு நிலையிலிருந்து வினவ வேண்டியுள்ளது. அது நீங்கியதால் நன்மை பெற்றவர் யார்? இழிவுபடுத்தப்பட்டோர் என்று எளிதிற் கூறிவிடலாம். உண்மையிலே, உயர்கல்வி பெற்ற மருத்துவர் இருவர், தாம் சார்ந்த சமுதாயத்தின் அநீதியைக் காணாது எவ்வாறு அமைதியாக உரையாட முடிந்தது என்பதற்கான மிகச் சிறந்த சான்று அவ்வொலிப்பதிவே. தவறு என்னும் குறியுடனும் மறுப்புரையுடனும் அது அங்கேயே வைக்கப்பட்டிருந்தால் மருத்துவ மாணவர் அதனைக் கேட்டு ஆராய்ந்திருக்கலாம். மன்னிப்புரையை மட்டும் கேட்பவன், மன்னிப்புக் கோரப்பட்டது எதற்கென்று அறியான். சான்று மறைந்து வருத்தம் மட்டும் எஞ்சுவது சங்கத்தின் பெயருக்கே வசதியானது.

கனடாவிலே அகற்றப்பட்டது அமைச்சருக்கு உவப்பில்லாத செய்தி. அமெரிக்காவிலே அகற்றப்பட்டது நீதியுணர்வுக்கு ஒவ்வாத உரையாடல். முன்னதை நீக்கியமை பிழை என்றும், பின்னதை நீக்கியமை சரி என்றும் உள்ளடக்கத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாம். ஆயின் அகற்றும் அதிகாரம் இரண்டிலும் ஒன்றே. இன்று நமக்கு உவப்பானதற்காகப் பயன்படும் அதிகாரம் நாளை உவப்பில்லாததற்கும் பயன்படும் என்பது வரலாறு மீண்டும் மீண்டும் கற்பித்த பாடம்.

5

இச்சங்கங்களின் உரைநடையும் தனி ஆய்வுக்குரியது. சங்க அறிக்கைகளிலே வினைமுதல் மறைந்துவிடுகின்றது. பிழை 'நேர்ந்துவிட்டது', செய்தி 'திருத்தப்பட்டது', ஆசிரியர் 'புதிய பணிகளை நாடிச் சென்றுள்ளார்'. தமிழிலே செயப்பாட்டுவினை பெருகியமை ஆங்கில வழக்கின் தாக்கம் என்று மொழியறிஞர் சுட்டியுள்ளனர். ஆனால் நிருவாக உரைநடையிலே அது இலக்கண வழக்கு மட்டுமன்று, ஓர் ஒளிவிடமுமாகும். செய்தவனைக் கூறாமல் செய்கையைக் கூறுவதற்கு அது உதவுகின்றது. தன்மைப் பன்மையும் அவ்வாறே. 'நாம்' என்று தலைவர் எழுதும்போது அதில் அடங்குவோர் யாவர்? சந்தா செலுத்தும் கிராமத்து மருத்துவரா, செயற்குழுவா, அன்றி நோயாளரும் உட்பட்ட சமுதாயமா? வாசகன் தன்னையும் உள்ளடக்கிக்கொள்ளுமாறு அச்சொல் நெகிழ்ச்சியாக விடப்படுகின்றது. பொறுப்பு வரும்பொழுது அது சுருங்கிவிடுகின்றது.

வேக்லியின் உரைநடையிலே ஆத்திரமும் மிகையும் உண்டு. ஆனால் எழுவாய் உண்டு. யார், யாரை, எந்நாளில், எங்கே என்பது அதிலே தெளிவு. அறுவைச் சிகிச்சையாளரின் பெயரைக் கூறி எழுதியமையாலேயே அவர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. இன்றைய சங்க எழுத்து வழக்குத் தொடுக்க முடியாத அளவிற்குப் பண்பட்டுள்ளது. அப்பண்பாட்டிற்கு இழந்தது எதுவென்றால், அதனை மறுக்கவும் முடியாது என்பதே. மறுக்க முடியாதது உண்மையாயிருப்பதனாலன்று, எதையும் கூறாதிருப்பதனால்.

மறுப்பதற்குரிய வழியும் இவ்விடத்திலே நோக்கத்தக்கது. பிரித்தானியச் சங்கத்தின் சஞ்சிகை 1998 இல் தன் இணையத்தளத்திலே வாசகர் உடனடியாகப் பதிலெழுதும் பகுதியைத் தொடங்கியது. கட்டுரையின் அருகிலேயே அதற்கான மறுப்பும் நின்றமை பெரியதொரு முன்னேற்றம். எனினும் 2005 அளவிலே, ஒரே பொருளை மீண்டும் மீண்டும் எழுதும் சிலர் அப்பகுதியை நிரப்பிவிட்டனர் என்று கண்ட ஆசிரியர்கள் தெரிவினைக் கடுமையாக்க நேர்ந்தது. கதவைத் திறந்துவிட்டால் மட்டும் சனநாயகம் வந்துவிடாது. கதவருகே நேர்மையான ஒருவர் நிற்கவும் வேண்டும் என்பதையே இது உணர்த்துகின்றது.

மொழிப் பிரச்சினையும் இதனோடு இணைந்ததே. இன்றைய இலங்கை மருத்துவச் சங்கம் 1887 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் இலங்கைக் கிளையாகவே தொடங்கியது. அமைப்போடு கூட எழுத்து மொழியும் அவ்வழியே வந்தது. மருத்துவர் மருத்துவருக்கு எழுதும் காலத்தில் அது பெருங்குறையாகத் தோன்றியிராது. ஆனால் அதற்கும் நாற்பதாண்டுகளுக்கு முன்பே, 1847 இல், யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கவும் அதற்கான நூல்களைத் தமிழிலே ஆக்கவும் முற்பட்டார் என்பதை மறத்தலாகாது. யாருக்காக எழுதுகின்றோம் என்னும் வினாவை அவர் மொழித் தெரிவினாலே விடுத்தார். இணையத்திலே சங்கத்தின் பக்கத்தை மருத்துவர் மட்டுமன்றி நோயாளரும் அவர்தம் உறவினரும் திறந்து பார்க்கும் இக்காலத்திலே அவ்வினா முன்னெப்போதையும் விட வலுப்பெறுகின்றது.

6

சங்கங்களின் பக்கத்திலும் வாதம் இல்லாமலில்லை. ஏட்டுக்குப் பணம் தருவது உறுப்பினர். அவர்தம் நலனுக்கு ஊறு செய்யும் எழுத்தை அவர்தம் பணத்திலேயே வெளியிடுதல் எவ்வாறு நியாயமாகும்? தெரிவு செய்யப்பட்ட செயற்குழுவை விட, நியமிக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர் உயர்ந்தவரா? இவ்வாதத்தை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. ஆசிரியர் சுதந்திரம் என்னும் பெயரிலே தனிமனிதரின் எதேச்சாதிகாரமும் இடம்பெறக்கூடும்.

எனினும் சங்கம் தன் ஏட்டின் வாயிலாகப் பெறும் மதிப்பு எதிலிருந்து வருகின்றது என்று நோக்குதல் வேண்டும். அவ்வேடு சங்கத்திற்குச் சாதகமானதை மட்டும் வெளியிடுவதில்லை என்று வெளியார் நம்புவதிலிருந்தே அது வருகின்றது. அந்நம்பிக்கை போய்விட்டால் ஏடு உறுப்பினருக்கும் பயன்படாது. ஆகவே ஆசிரியரின் சுதந்திரம் சங்கம் அவருக்கு வழங்கும் சலுகையன்று. சங்கம் தன் சொல்லுக்கு மதிப்பு வேண்டிச் செலுத்தும் விலையாகும். மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவும், உள்ளடக்கத்தையும் வெளியிடும் காலத்தையும் தீர்மானிக்கும் முழு அதிகாரம் ஆசிரியரிடமே இருத்தல் வேண்டும் என்னும் நிலைப்பாட்டையே மேற்கொண்டுள்ளது.

இதற்கான ஒழுங்குகளும் ஆக்கப்பட்டன. 1999 இன் பின்னர் அமெரிக்கச் சங்கம், ஆசிரியருக்கும் நிருவாகத்திற்கும் இடையே மேற்பார்வைக் குழுவொன்றை அமைத்தது. கனடாவிலும் 2006 இல் றிச்சட் பவுண்ட் தலைமையிலான குழு ஆசிரியரின் சுதந்திரத்தை உறுதிப்படுத்துமாறு விதந்துரைத்தது. ஆயின் பத்தாண்டுகள் செல்லுமுன்னரே, 2016 இல், கனடியச் சங்கம் தன் சஞ்சிகையின் ஆசிரியரை மீண்டும் நீக்கியதோடு மேற்பார்வைக் குழுவையும் கலைத்துவிட்டது. காகிதத்தில் எழுதிய காப்பு, அதனை எழுதியவரே கிழிக்கக்கூடியதாயின் காப்பாகாது.

ஆகவே ஒரு தொழில்வாண்மைச் சங்கத்தின் வெளியீடுகளை மதிப்பிட முற்படும் திறனாய்வாளன், அதன் பக்கங்களின் அழகையும் எண்ணிக்கையையும் நோக்குவதோடு அமைதல் போதாது. ஆசிரியரை நீக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது, நீக்கப்பட்ட எழுத்து நீக்கப்பட்டது என்னும் குறியுடன் எஞ்சுகின்றதா, உறுப்பினரல்லாத சாதாரண மனிதன் தன் மொழியிலே வாசித்து மறுமொழி கூற வழியுண்டா ஆகிய மூன்று வினாக்களை அவன் எழுப்ப வேண்டும். முதலாவது வினா அதிகாரம் பற்றியது. இரண்டாவது நினைவு பற்றியது. மூன்றாவது மக்கள் பற்றியது. இவற்றுக்குச் சங்கங்கள் தரும் விடைகள் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கின்றன.

மருந்தகத்தின் முன்னே தன் அந்தரங்கத்தைக் கூற வேண்டியிருந்த பெண், சங்கத்தின் வாயிலில் நிறுத்தப்பட்ட கறுப்பின மருத்துவர், கூலி வளர்ப்பிலே மாண்ட குழந்தை ஆகியோர் எச்சங்கத்தினதும் சந்தா செலுத்தும் உறுப்பினரல்லர். அவர்களைப் பற்றி எழுதியபொழுதெல்லாம் சங்கத்தின் ஏடு உயர்ந்தது. அவர்களை மறைத்தபொழுதெல்லாம் அது வெறும் சுற்றறிக்கையாகத் தாழ்ந்தது. ஊடகம் காகிதத்திலிருந்து திரைக்கு மாறியமையால் இவ்வளவுகோல் மாறிவிடவில்லை.